சுடாத கால்

வெள்ளாங்காட்டுப்புதூர், கோபி வழி
12.1.2025

தங்கை சென்னியம்மாளுக்கு அண்ணன் ஈஸ்வரமூர்த்தி எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைக் கிழித்துப் போட்டுவிடாதே. உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. கோயில் பூசாரி லட்சுமணசாமியிடமும் கேட்டுவிட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வாயில பேசுனாத்தானுங்க பேச்சு. காயிதத்துல எழுதறதுக்கெல்லாம் ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்றார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அம்மாவுக்கு முதலில் மரத்துப் போனது எந்த விரல்? பெருவிரலா, சுண்டுவிரலா? உன் நங்கையைக் கேட்டேன். முப்பது வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள், மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டவள், அவளுக்கே ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கும். எதையும் மறக்காதவள் ஆயிற்றே நீ.

சும்மாதான் கேட்கிறேன். வேறொன்றும் இல்லை.

போன வாரம் ஒரு கூத்து. வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்படியே டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் எல்லோரும் சிரிக்கிறார்கள். குனிந்து பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு. இன்னொன்று வாய்க்கால் சேற்றிலேயே கழன்றுவிட்டது. அரைக் கிலோமீட்டர் வெறுங்காலோடு வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. "ஏனுங்க மாமா, புது மாப்பிள்ளையாட்டம் எந்த லோகத்துல நடக்கறீங்க?" என்று கதிரேசன் கேட்டான். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

எந்த விரல் என்று மட்டும் எழுது.

ஈஸ்வரமூர்த்தி


காந்திபுரம், கோவை
18.1.2025

அண்ணா,

மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம் போடுகிறீர்கள். அதில் நான் இருக்கிறேனா செத்தேனா என்று ஒரு வரி இல்லை. விரலைக் கேட்கிறீர்கள்.

சொல்கிறேன். இரண்டு கால் பெருவிரலும். "காலுக்கடியில பஞ்சு வெச்சுக் கட்டுனாப்புல இருக்குது கண்ணு" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு ஒரு வருடம் சும்மா இருந்தோம். அந்த ஒரு வருடமும் நீங்கள் சொன்னது, "வயசானா அப்படித்தான்."

இப்போது உங்களுக்கு மரத்திருக்கிறது. சும்மா கேட்கிறேன் என்று எழுதினால் எனக்குப் புரியாதா? நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அம்மா போன பிறகு அப்துல் கையூம் பாய் கடையில் சேர்ந்தேன். சக்கரை நோய்க்காரர்களுக்கு மெத்தென்ற ரப்பர் வைத்துச் செருப்பு தைக்கிற கடை. காகிதத்தின் மேல் காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து அளவு எடுப்பது என் வேலை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கால் பார்க்கிறேன். முகம் மறந்துபோகும், கால் மறக்காது.

மரத்துப் போனாலே சக்கரை என்று முடிவு கட்டிவிட முடியாது அண்ணா. ஒரு லாரி டிரைவர் வந்தார். சக்கரை இல்லை. இடுப்பில் ஜவ்வு நகர்ந்து ஒரு காலுக்குப் போகிற நரம்பை அழுத்தியிருந்தது. ஒரு வாத்தியார், பால்கூடத் தொடாத சுத்த சைவம். பி12 சத்துக் குறைவு என்று ஊசி போட்டார்கள், நாலு மாதத்தில் சரியாகிவிட்டது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற ஒரு பெண்ணுக்கு முனை குறுகின ஷூதான் காரணம். குடியினாலும் வரும், தைராய்டினாலும் வரும். ரத்தம் ஓடாமல் போனாலும் வரும். இன்ன ரகம் என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. ரத்தம் பார்த்து, காலைத் தொட்டுப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த வாரமே போங்கள்.

ஆனால் சிலது வந்தால் வாரமெல்லாம் கிடையாது, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் மரத்து, வாய் கோணினால், பேச்சுக் குழறினால். கீழே விழுந்த பிறகு கால் மரத்தால். இரண்டு காலும் தளர்ந்து மூத்திரம் போவதே தெரியாமல் இருந்தால். விரல் சில்லிட்டு நீலமாகவோ கறுப்பாகவோ ஆனால். புண், வீக்கம், நாற்றம், காய்ச்சல் வந்தால். இதை நங்கைக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அம்மாவை நான்தான் கொன்றேன் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். இரண்டு காலையும் வரைந்து அனுப்புங்கள்.

சென்னி


வெள்ளாங்காட்டுப்புதூர்
2.2.2025

அம்மணி,

உன் கடிதம் டாக்டர் சீட்டு மாதிரி இருந்தது. உன் நங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து என் வாய் கோணுகிறதா என்று தினமும் பார்க்கிறாள்.

ஒரு கால் இல்லை, இரண்டும்தான். இன்று நேற்று அல்ல, ஒரு வருடம் இருக்கும். படுத்தால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும், எழுந்து நடந்தால் ஒன்றும் தெரியாது. சக்கரை மாத்திரை ஒரு வேளைதான் போடுகிறேன். மற்ற வேளைக்கு ஆவாரம்பூப் பொடி.

ஆஸ்பத்திரிக்குப் போ என்று நீ சொல்கிறாய். அம்மா தன் காலால் நடந்துதான் அந்த ஆஸ்பத்திரிக்குள் போனாள். நீ கையெழுத்துப் போட்டாய், காலை எடுத்தார்கள். நாலாம் நாள் உயிரும் போய்விட்டது. வெளியில் உயிர் போன உடம்பை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. அவள் நின்று கட்டின வீடு சென்னி. அதன் நிலைப்படியைத் தாண்ட விடாமல் வாசலில் பந்தல் போட்டுக் கிடத்தினேன். வெயில் முகத்தில் விழுந்தது. அதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் கோயிலில் சூடத்தை அடித்து அணைத்து, இனி உன்னோடு வாய் திறந்து பேசினால் என் பிள்ளை சுரேந்தர் எனக்கு இல்லை என்று சத்தியம் செய்தேன். என்னைச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் உடைத்திருப்பேன். பிள்ளை தலையில் வைத்துவிட்டேன்.

உன்னைக் கொலைகாரி என்று சொன்னது தப்பு. எழுதும்போது சொல்ல முடிகிறது.

மாசித் திருவிழாவுக்குப் பூச்சாட்டு வருகிறது. திருவிழா முடியட்டும், டாக்டரிடம் போகிறேன். அதற்குள் ஒரு காரியம் இருக்கிறது. லட்சுமணசாமி ஒரு வழி சொல்லியிருக்கிறார். அது நடந்தால் உன்னோடு பேசுவேன், வாயாலேயே. என்ன என்று கேட்காதே.

கால் வரைந்திருக்கிறேன். உன் நங்கைதான் குனிந்து வரைந்தாள். கூசவே இல்லை.

அண்ணன்


காந்திபுரம்
10.2.2025

அண்ணா,

கையூம் பாய் உங்கள் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "விரல் எல்லாம் மடங்குது சென்னியம்மா, நரம்பு போயிட்டிருக்குது" என்றார். அவரே பக்கத்தில் இருந்து தைத்துக் கொடுத்தார். பார்சலில் வருகிறது.

வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள். போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே கல் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வெந்நீரில் காலை விடாதீர்கள், விட்டே ஆக வேண்டுமானால் முழங்கையால் சூடு பார்க்காமல் விடாதீர்கள். அம்மாவுக்குப் புண் வந்தது எப்படி? எரிச்சலுக்கு ஒத்தடம் என்று அடுப்புச் செங்கல்லைத் துணியில் சுற்றி வைத்தாள். தோல் கருகுகிற வாசம் வந்த பிறகுதான் எடுத்தாள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது அண்ணா.

சுரேந்தருக்குப் போன் செய்தேன். "அப்பா திருவிழா முடியட்டும்கறாருங்க அத்தை" என்கிறான். நானே கிளம்பி வந்து உங்களை இழுத்துப் போயிருக்கலாம். வாசலில் நான் நிற்க, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

நீங்கள் தப்பு என்று எழுதின வரியைப் பலமுறை வாசித்தேன்.

திருவிழாவுக்கு முன்னாலேயே போங்கள்.

சென்னி


வெள்ளாங்காட்டுப்புதூர்
15.3.2025

என் கண்ணு சென்னி,

இனி மறைக்க ஒன்றும் இல்லை. புதன்கிழமை விடியற்காலையில் நான் குண்டம் இறங்கினேன்.

நம்ப மாட்டாய். சின்ன வயதில் குண்டம் என்றால் கூட்டத்துக்குப் பின்னால் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். நீதான் முன்னால் போய் நிற்பாய். லட்சுமணசாமி சொன்ன வழி இதுதான். "காப்புக் கட்டி வெரதம் இருந்து குண்டத்துல எறங்குங்க. கால் சுடாம வந்தா ஆத்தா உங்க சத்தியத்த எடுத்துக்கிட்டான்னு அர்த்தம். சுட்டா, அது அப்படியே நிக்குது." காப்புக் கட்டின நாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு, வெறும் தரை, வெறுங்கால். உனக்குச் சொன்னால் தடுப்பாய் என்று சொல்லவில்லை. மரத்த காலை வைத்துக்கொண்டு நெருப்பா என்று கத்துவாய்.

சென்னி, சுடவே இல்லை. அறுபதடி நீளம், கங்கு செக்கச்செவேல் என்று கிடக்கிறது. எனக்கு முன்னால் போன பையன்கள் எல்லாம் ஓடினார்கள். நான் ஓடவில்லை. நடந்தேன். பூ மேல் நடப்பது போல இருந்தது. பாதி வழியில் அழுகை வந்துவிட்டது. ஊரே பார்த்தது. இறங்கின பிறகு லட்சுமணசாமி என் காலில் விழப் பார்த்தார். "முப்பது வருசத்துல இப்படி நிதானமா நடந்த ஆளப் பாத்ததில்லீங்க" என்றார்.

ஆத்தா என்னை மன்னித்துவிட்டாள். நம் இரண்டு பேரையும்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்யத்தான் எடுத்தேன். மறுபூசை முடியும்வரை விரதம், அதற்குப் பிறகு பேசுங்கள் என்றார்கள். மூன்று வருடம் பொறுத்தவனுக்கு ஒரு வாரம் பெரிதா? வரும் புதன், 19ஆம் தேதி மறுபூசை. அன்று சாயந்திரம் அழைக்கிறேன். முதலில் என்ன பேசுவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ எடுத்ததும் அழாதே.

நீ அனுப்பின செருப்பு பத்திரமாக இருக்கிறது. மறுபூசைக்குப் பிறகு போடலாம் என்று நேற்றுச் சும்மா நுழைத்துப் பார்த்தேன். இடது சரியாக இருக்கிறது. வலது நுழையவில்லை. அளவில் ஏதோ தப்பு. அதனால் வலது காலை மறுபடி வரைந்து வைத்திருக்கிறேன். உடம்பு கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறது, குளிர்கிறது. விரதக் களைப்பு.

உன் அண்ணன்


ஆஸ்பத்திரி வராந்தா, கோவை
18.3.2025

அண்ணா,

நீங்கள் என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நாளைதான் மறுபூசை, அதுவரை பேசக் கூடாது. அதனால் எழுதி சுரேந்தரிடம் கொடுக்கிறேன். அவன் வாசிப்பான்.

நேற்று மதியம் உங்கள் கடிதம் வந்தது. அறுபதடி என்ற இடத்துக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு கால் வரைந்த காகிதத்தை விரித்தேன். பென்சில் கோட்டுக்கு உள்ளே, பெருவிரலுக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் கறுப்புமாகக் கறை. காகிதம் நாறியது. கையூம் பாய் எட்ட இருந்தே மோந்துவிட்டு, "போன் பண்ணும்மா, இப்பவே பண்ணு" என்று கத்தினார். நங்கை திருநீறும் மஞ்சளும் அப்பி வைத்திருந்தாராம். "கொப்புளம்தானுங்க, வலியே இல்லீங்கறாரு" என்று என்னிடம் சொன்னார்.

விஷம் கணுக்காலைத் தாண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிர் நிற்காது என்கிறார்கள். "ஆத்தா பாத்துக்குவா, அவளே சுடாம காப்பாத்துனவ" என்று நீங்கள் சுரேந்தரிடம் சொன்னீர்களாம். கையெழுத்துப் போட மறுக்கிறீர்களாம்.

சொல்லிவிடுகிறேன். என்னை மன்னியுங்கள். நெருப்பு சுட்டது அண்ணா. எல்லோரையும் சுடுகிற மாதிரிதான் உங்களையும் சுட்டது. மற்றவர்கள் ஓடினார்கள், அவர்களுக்குச் சூடு தெரிந்தது. நீங்கள் நிதானமாக நடந்தீர்கள். அதனால்தான் மற்றவர்களை விட உங்களுக்கு அதிகமாக வெந்துவிட்டது. அது ஆத்தா இல்லை. செத்துப்போன நரம்பு.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு முறை போட்டேன், போதும். சுரேந்தரையும் போட விடமாட்டேன், அவனும் காலமெல்லாம் சுமக்க வேண்டாம். நீங்களே போடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சென்னி


வெள்ளாங்காட்டுப்புதூர்
20.4.2025

சென்னி,

நாலாம் நாள் செத்துவிடுவேன் என்று பார்த்தேன். சாகவில்லை. ஐந்தாம் நாள், ஆறாம் நாள் என்று எண்ணிக்கொண்டே இருந்து, இப்போது ஒரு மாதம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன். முன்னறையில் கட்டில். வாழையை உன் நங்கை பார்க்கிறாள்.

அம்மாவுக்கு நீ போட்ட கையெழுத்து தப்பில்லை. அவளுக்கு ஒரு வருடம் தாமதமானது, அது என்னால். இதைச் சொல்ல எனக்கு ஒரு கால் போக வேண்டியிருந்தது.

ஒரு வேடிக்கை. இல்லாத காலின் பெருவிரல் எரிகிறது. இருந்தபோது நெருப்பில் வைத்தும் தெரியாத விரல், இப்போது இல்லாத இடத்தில் இருந்துகொண்டு என்னைத் தூங்க விடுவதில்லை. டாக்டர் அப்படித்தான் சில பேருக்கு இருக்கும் என்கிறார்.

நீ தினமும் போன் செய்கிறாய். உன் நங்கை என் காதில் வைக்க வருகிறாள். நான் கையை ஆட்டிவிடுகிறேன். கோபம் என்று நினைக்காதே. உன் குரல் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? ஆனால் யோசித்துப் பார். சுடாமல் வந்தால் சத்தியம் போய்விடும், சுட்டால் நிற்கும். அதுதான் பேச்சு. நீ சுட்டது என்று எழுதினாய். டாக்டரும் அதையே சொன்னார். அப்படியானால் சத்தியம் அங்கேயே நிற்கிறது. லட்சுமணசாமியைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். சுரேந்தர் மனைவிக்கு இது ஏழாம் மாதம். அவன் வாரா வாரம் ஓசூருக்கு வேலைக்கு பைக்கில் போய் வருகிறான். என்னால் முடியாது சென்னி. பேச வாயைத் திறந்தால் அவன் முகம் வந்து நிற்கிறது.

உன் எழுத்தை நம்பித்தான் காலைக் கொடுத்தேன். அந்த எழுத்தாலேயே ஒரு வரி எழுது. பயத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன், அது ஆத்தாதான் என்று எழுது. நம்பிவிடுவேன். அன்றைக்கே பேசுவேன்.

இடது காலும் அதே பஞ்சுதான். ஆத்தா செயல் என்றால் அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

அண்ணன்


காந்திபுரம்
26.4.2025

அண்ணா,

நீங்கள் கேட்ட வரியை எழுதிவிட்டேன். நன்றாகவே எழுதினேன். அது ஆத்தாதான், நான்தான் பயந்து உளறினேன் என்று. கையூம் பாயிடம் காட்டினேன். "அனுப்பிருங்கம்மா, அண்ணன் பேசட்டும். இதுல என்ன குத்தம்?" என்றார். தபால் பெட்டி வரை போய் நின்றேன். கடைசி வரி ஞாபகம் வந்தது. இடது கால்.

திரும்பி வந்து கிழித்துவிட்டேன்.

அது நரம்புதான் அண்ணா. ஆத்தா இல்லை. நெருப்பு சுட்டது, உங்களுக்குத் தெரியவில்லை. இடது காலுக்கும் அதே கதிதான் வரும், பார்க்காமல் விட்டால். நான் பொய் எழுதினால் நீங்கள் என்னோடு பேசுவீர்கள், அந்தக் காலைப் பார்க்க மாட்டீர்கள். ஒரு வருடத்துக்குள் அதுவும் போகும், பிறகு நீங்களும். உங்கள் குரலைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதத் தெரியவில்லை. கடையில் யாராவது கோபிப் பக்கத்துப் பேச்சுப் பேசினால் அளவெடுக்கிற கை நின்றுவிடுகிறது.

சத்தியம் நிற்கட்டும். பேசாதீர்கள். நானும் இனிமேல் போன் செய்ய மாட்டேன்.

முப்பது போஸ்ட் கார்டு அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றிலும் என் விலாசத்தை எழுதிவிட்டேன். தினமும் ராத்திரி நங்கையைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லி இடது உள்ளங்காலைப் பாருங்கள். விரலிடுக்கையும் பாருங்கள். பார்த்ததை ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள். மாத்திரை இரண்டு வேளையும். மாதம் ஒரு முறை சுரேந்தர் உங்களை டாக்டரிடம் கூட்டி வருவான். அன்றைக்கு நான் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் வர மாட்டேன். கார்டு தீர்ந்தால் மறுபடி அனுப்புவேன்.

கூடவே புதிதாக இடது செருப்பு ஒன்று வருகிறது. பாய் வழக்கம் மாறாமல் ஜோடியாகத்தான் வெட்டினார். வலது என்னிடம் இருக்கிறது.

சென்னி